பால்மரக் காட்டிலிருந்து மாநகருக்கு: பெட்டாலிங் ஜெயாவின் வரலாறும் மக்களும்



ஊர் வரலாறு என்றவுடன் நம் உள்ளம் மதுரைக்கும் தஞ்சைக்கும் செல்லும்; இந்நாட்டில் என்றால் மலாக்காவுக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கும் செல்லும். கோட்டையும் கொத்தளமும் கல்வெட்டும் இல்லாத ஊருக்கு வரலாறு ஏது என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட ஊருக்குக் கோட்டை இல்லை. அதை ஆண்ட அரசமரபும் இல்லை. அதன் வயது நம் பாட்டனார் ஒருவரின் வயதே. ஆயினும் அவ்வூரின் வரலாற்றில் நம் மக்களின் வரலாறு மறைந்து கிடக்கிறது. அதனால்தான் பெட்டாலிங் ஜெயாவை இச்சொற்பொழிவின் பொருளாகக் கொண்டோம்.

பெயரும் இடமும்

கோலாலம்பூரின் மேற்கெல்லையை ஒட்டி, சிலாங்கூர் மாநிலத்தில் அமைந்த துணைநகரம் பெட்டாலிங் ஜெயா. இதன் பரப்பு ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர். தலைநகரின் நிழலில் வளர்ந்து, பின் தனக்கென ஒரு முகத்தைத் தேடிக்கொண்ட ஊர் இது.

'பெட்டாலிங்' என்பது இம்மண்ணில் வளரும் ஒரு காட்டு மரத்தின் மலாய்ப் பெயர். 'ஜெயா' என்பது வடமொழி வழியாக மலாயில் கலந்த சொல். நாம் 'செயம்' என்று வழங்குவதும் அதுவே. காட்டு மரத்தின் பெயரோடு வெற்றியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ஒரு புதுநகருக்குச் சூட்டினார்கள். சுபாங் ஜெயா, கெலானா ஜெயா என அச்சொல் பின்வந்த குடியிருப்புகளின் பெயர்களிலும் இடம்பெற்றது. இந்நகரில் 'தாமான் பஹாகியா' என்றொரு பகுதி உண்டு. 'பஹாகியா' நம் 'பாக்கியம்' என்னும் சொல்லின் உறவு. 'பண்டார் உத்தாமா' என்பதில் வரும் 'உத்தாமா', 'உத்தமம்' என்பதன் உறவு. 'கோத்தா டாமன்சாரா' என்பதில் வரும் 'கோத்தா' நம் 'கோட்டை'யை நினைவூட்டுகிறது. பேருந்துப் பலகைகளைப் படிக்கத் தெரிந்த மாணவனுக்கு இந்நகரமே ஒரு சொற்பிறப்பியல் பாடம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. பெட்டாலிங் என்னும் பெயரில் ஒரு மாவட்டமும் உண்டு. அம்மாவட்டம் நகரைவிட மிகப் பெரியது. சுபாங் ஜெயாவும் ஷா ஆலமின் பெரும்பகுதியும் அதனுள் அடங்கும். கோலாலம்பூரில் உள்ள பெட்டாலிங் தெருவோ இவ்விரண்டுக்கும் புறம்பானது. மாணவர்கள் கட்டுரை எழுதும்போது மாவட்டத்தின் தொகையை நகரத்தின் தொகையாக எழுதிவிடும் பிழை நேர்வது உண்டு. எந்தப் பெட்டாலிங் என்று கேட்ட பிறகே எண்ணைத் தொட வேண்டும்.

நகரம் பிறந்த காரணம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூர் மக்கள் நெருக்கத்தால் திணறியது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர், வேலை தேடி வந்தோர், 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தால் உள்நாட்டுப் புறங்களிலிருந்து அஞ்சி வந்தோர் எனப் பலரும் நகர் ஓரங்களில் குடிசையிட்டனர். அவர்களுக்கு வீடும் வேலையும் தர ஒரு புதுநகர் தேவை என்று ஆங்கில ஆட்சி முடிவு செய்தது. 1952-இல் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலம் எபிங்காம் என்னும் இரப்பர்த் தோட்டம். பரப்பு ஏறத்தாழ 1,200 ஏக்கர்.

அத்தோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் அமைவிடத்திலேயே விளங்கும். கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைக்கும் இருப்புப்பாதை 1886-லேயே இவ்வழியே ஓடத் தொடங்கிவிட்டது. துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடையில், இரண்டுக்கும் எட்டும் தொலைவில், ஒரே உடைமையாளரிடமிருந்து பெறத்தக்க பெருநிலம் இது. காட்டை அழிப்பதைவிடத் தோட்டத்தை அழிப்பது எளிது. பாதையும் கிணறும் ஏற்கெனவே இருக்கும்.

முதலில் எழுந்தவை இன்று பழைய நகர் என்று வழங்கும் பகுதியின் சிறு வீடுகள். அடுத்து, பிரிவு 52-ஐ மையமாகக் கொண்டு புதுநகர் எழுந்தது. அலுவலகங்களும் வங்கிகளும் படக்கொட்டகையும் அங்கே வந்தன. 1950-களில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் தொடங்கிய அசுந்தா மருத்துவமனை ஊரின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. நகரின் கிழக்கெல்லையில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்தது. தனிநாயகம் அடிகள் தலைமையேற்ற இந்திய ஆய்வியல் துறையும், 1966-இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாடும் நம் நினைவுக்கு வரும்போது, அவற்றின் அண்டை ஊர் இது என்பதையும் மறத்தல் ஆகாது.

எண்ணிட்ட தெருக்கள்

இந்நகரின் தெருக்களுக்கு எண்களே பெயர். முதலில் ஊர் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. பிரிவின் எண்ணும் தெருவின் எண்ணும் சேர்ந்தால் முகவரி ஆயிற்று. ஊர் பரந்தபோது எழுத்துகள் சேர்ந்தன. 'எஸ்.எஸ்.' என்பது சுங்கை வே, சுபாங் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகள். 'பி.ஜே.எஸ்.' என்பது பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதி, 'பி.ஜே.யூ.' வடபகுதி.

எண்ணிடுவது ஒழுங்குக்கு நன்று, அஞ்சல்காரருக்கும் நன்று. ஆனால் எண்ணுக்கு நினைவு இல்லை. ஒரு தெருவுக்கு மனிதன் பெயரோ மரத்தின் பெயரோ இருந்தால், யார் அவர், எங்கே அம்மரம் என்று ஒரு குழந்தை கேட்கும். 'பதினேழின் கீழ் இருபத்தொன்று' என்ற தெருவில் வளரும் குழந்தைக்கு அக்கேள்வி எழ வழியில்லை. இதனாலேயே இவ்வூரின் முன்வரலாறு விரைவாக மறைந்தது என்பது எங்கள் கருத்து.

எண்ணுக்கு உட்படாத பெயர்களும் சில எஞ்சியுள்ளன. தென்பகுதியில் கம்போங் காந்தி என்றும் கம்போங் முனியாண்டி என்றும் வழங்கிய குடியிருப்புகள் உண்டு. திட்டமிட்டோர் இட்ட பெயர்கள் அல்ல அவை; குடியிருந்தோர் இட்டவை. ஒன்று ஒரு தலைவரின் பெயர். மற்றொன்று ஊர்க்காவல் தெய்வத்தை நினைவூட்டும் பெயர். அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை அறிய வேறு சான்று வேண்டுமோ?

ஆட்சியும் எல்லையும்

நகரின் ஆட்சி வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1950-களில் தனி நகர ஆணையம் அமைந்தது. 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அதுவரை தலைநகரின் புறநகராக இருந்த பெட்டாலிங் ஜெயா, அன்று முதல் வேறொரு மாநிலத்தின் எல்லையூராயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் இரு நிலங்களும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் பெருவளைவு அப்பிரிவின் நினைவுச் சின்னம். 1977 ஜனவரி 1-ஆம் நாள் நகராண்மைக் கழகம் உருவானது. 2006 ஜூன் 20-ஆம் நாள் பெட்டாலிங் ஜெயா மாநகராகப் பிரகடனம் செய்யப்பட்டது.

1997-இல் நிகழ்ந்த மாற்றம் ஒன்று பலர் கவனத்தில் படுவதில்லை. அவ்வாண்டு சுபாங் ஜெயாவுக்குத் தனி நகராண்மைக் கழகம் தோன்றியபோது, அப்பக்கத்து உள்ளாட்சி எல்லைகள் திருத்தப்பட்டு, வடபுறத்துக் குடியிருப்புகள் சில பெட்டாலிங் ஜெயாவின் ஆட்சிக்குள் வந்தன. 1,200 ஏக்கர் என்பது ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இன்றைய மாநகரப் பரப்பு அதைப்போல் இருபது மடங்கு. ஒரு தோட்டத்தில் பிறந்த ஊர் இருபது தோட்டங்களின் அளவுக்கு விரிந்தது.

மக்கள்தொகை சொல்வதும் சொல்லாததும்

இனி எண்களுக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வூரின் மக்கள் ஒரு இலட்சத்தை எட்டவில்லை. 1980-இல் இரண்டு இலட்சத்தைக் கடந்தனர். 1991-இல் இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல். 2010-இல் 613,977. 2020-இல் 771,687.

இவ்வரிசையை மேலோட்டமாகப் பார்ப்பவர், 1991-க்கும் 2010-க்கும் இடையில் மக்கள் இரு மடங்குக்கும் மேல் பெருகினர் என்று வியப்பார். ஆனால் ஓர் ஊரின் தொகை உயர்வதற்கு வழிகள் மூன்று. ஊரில் இறப்பினும் பிறப்பு மிகுதல் ஒன்று. வெளியூரார் வந்து குடியேறுதல் இரண்டு. எல்லைக்கோட்டை நகர்த்துதல் மூன்று. மூன்றாவது வழியில் எவரும் பிறக்கவும் இல்லை, பெட்டி கட்டி வரவும் இல்லை. வரைபடத்தில் கோடு நகர, அவ்வீட்டில் அப்படியே அமர்ந்திருந்தவர் இவ்வூரார் ஆகிவிடுகிறார். 1997-இன் எல்லை மாற்றத்தை அறியாதவர் இவ்வெண்களைச் சரியாகப் படித்தல் இயலாது. கணிதமும் வரலாறும் கைகோத்துச் செல்ல வேண்டிய இடம் இது. வகுப்பறையில் இவ்விரு ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

2020-ஆம் ஆண்டுத் தொகையைப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7,900 பேர் என்று வரும். இதுவும் சராசரியே. புக்கிட் காசிங் காட்டிலும் தனிவீடுகள் நிறைந்த பிரிவுகளிலும் இந்நெருக்கம் இல்லை. தென்பகுதியின் மலிவு விலை அடுக்குமாடிகளில் இதனினும் பன்மடங்கு நெருக்கம். இரண்டையும் கூட்டி வகுத்த எண் இரண்டு இடத்து மக்களின் வாழ்வையும் காட்டாது.

ஊரின் வயதும் எண்ணில் ஒளிந்திருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் இளங்குடும்பங்களாக வந்தோர் முதியோராயினர். அவர்தம் மக்கள் மணமாகி ஷா ஆலத்துக்கும் பூச்சோங்குக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். பழைய பிரிவுகளில் வீடுகள் இருக்க, பிள்ளைகள் குறைகின்றனர். மறுபுறம், பழைய தொழிற்சாலை நிலங்களில் உயர்மாடிகள் எழுகின்றன. 1998-இல் தொடங்கிய இலகு இரயில் தடமும் 2016-இல் தொடங்கிய பெருவிரைவு இரயில் தடமும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. பள்ளியொன்றில் மாணவர் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கவலையுறும் ஆசிரியர், குறை பள்ளியில் மட்டும் இருப்பதாகக் கொள்ளாமல், சுற்றுப்புற வீடுகளின் வயதையும் நோக்க வேண்டும்.

தோட்டத்தின் மக்கள்

இப்போது இச்சொற்பொழிவின் உயிர்ப்பகுதிக்கு வந்துள்ளோம். 'இரப்பர்த் தோட்டம் அழிக்கப்பட்டு நகரம் உருவாக்கப்பட்டது' என்னும் ஒரு வரியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அவ்வரியில் மரங்கள் உண்டு, மனிதர் இல்லை. சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோரில் பெரும்பான்மையினர் தமிழர் என்பது யாவரும் அறிந்ததே. அவர்களின் வீடு என்பது தோட்டத்து லயம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போம். கோயில் தோட்டத்து நிலத்தில். பள்ளியும் தோட்டத்து நிலத்தில். எனவே ஒரு தோட்டம் விற்கப்படும் நாளில், தொழிலாளி ஒருவர் வேலை, வீடு, கோயில், பள்ளி ஆகிய நான்கையும் ஒருங்கே இழப்பார். நகரில் வேலையிழந்தவருக்குக்கூட இந்நிலை நேர்வதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வெளியேறிய குடும்பங்கள் பலவும் இருப்புப்பாதை ஓரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளில் தங்கின. மறவாதீர்: குடிசைவாழ் மக்களுக்கு வீடு தரவே இந்நகர் தோன்றியது. அந்நகரின் தென்பகுதியிலேயே பின்னாளில் குடிசைகள் பெருகின. 2001 மார்ச்சு மாதம் கம்போங் மேடான் சுற்றுவட்டாரத்தில் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பலியாயின. நெருக்கடியிலும் வறுமையிலும் அடுத்தடுத்து வாழ்ந்த ஏழை மக்களிடையே நேர்ந்த துயரம் அது. அதன் பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன, கூரை ஓட்டுக்கூரையாயிற்று. லயத்திலிருந்து குடிசைக்கு, குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு என மூன்று தலைமுறையில் மூன்று இடங்கள் மாறிய குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. கணக்கெடுப்பில் அவர்கள் ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்டார்கள். அவர்கள் வந்த வழி மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

ஆயினும் ஒரு பெயர் அழியாமல் நின்றது. இன்று பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. அதன் பெயர் எபிங்காம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கெலானா ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. அதன் பெயர் சீபோர்ட். அண்டையிலுள்ள சுபாங் ஜெயாவில் ஒன்று. அதன் பெயர் சீபீல்டு. இவையாவும் தோட்டப் பெயர்கள். எபிங்காம் என்பது இங்கிலாந்தின் சரே மாவட்டத்து ஊரொன்றின் பெயரும் ஆகும். ஆங்கிலேயர் கொண்டுவந்த அப்பெயரை, நகரம் மறந்தது, தெருப்பலகைகள் மறந்தன. தமிழ்க் குழந்தைகளின் சட்டைப்பையில் தைத்த பள்ளிச் சின்னத்தில் அது வாழ்கிறது. மரமும் இல்லை, லயமும் இல்லை, தோட்டத்துரையும் இல்லை. தோட்டம் என்னும் சொல் மட்டும் பள்ளி வாயிலில் நிற்கிறது. 'நகரத்தின் நடுவில் எதற்குத் தோட்டப் பெயர்?' என்று சிலர் வினவக்கூடும். நாகரிகமான பெயராக மாற்றினால் என்ன என்றும் கேட்கக்கூடும். இந்நகரம் பிறந்த இடத்துக்குப் பொதுமக்கள் கண்ணில் படும்படி நிற்கும் பிறப்புச் சான்று அப்பள்ளிப் பெயரே என்பது எங்கள் விடை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் பங்கு மறைக்கப்பட்டது என்று வருந்தும் நாம், பிறர் பங்கை மறைத்தல் தகாது. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அமைக்கப்பட்ட சுங்கை வே புதுக்கிராமத்துச் சீனரும், புதுநகரில் குடியேறிய மலாய் அரசு ஊழியரும், இலங்கைத் தமிழரும் மலையாளியரும் சீக்கியரும் இவ்வூரை ஆக்கியோரே. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தாய்லாந்து மரபில் எழுந்த பௌத்த விகாரமும் ஒரு சிறு சுற்றில் காணத்தக்க ஊர் இது. நம் வரலாற்றை எழுதுவது ஊரின் வரலாற்றை முழுமையாக்குவதற்கே; பங்கு பிரிப்பதற்கு அன்று.

நாம் செய்யத்தக்கது

ஆசிரியப் பெருமக்களே, இவ்வரலாற்றை எழுதுவதற்கு உரியவர்கள் உங்கள் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார்கள். பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் பெயரும் தொழிலும் முகவரியும் உண்டு. எந்த ஆண்டில் 'பால்வெட்டு' என்னும் தொழில் குறைந்து 'தொழிற்சாலை' என்பது மிகுந்தது என்று ஆண்டு வாரியாகக் குறித்தால், அதுவே ஒரு நகரமாதலின் வரலாறு. தனி ஆள்களின் பெயர்களை வெளியிடாமல், தொகையை மட்டும் எடுத்தாளுதல் முறை. கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் உபயகாரர் பட்டியலும் கோயிலின் முகவரியும் உண்டு. அம்முகவரி மாறிய ஆண்டே கோயில் இடம்பெயர்ந்த ஆண்டு. இடுகாட்டுக் கற்களில் பிறந்த ஊர் பொறித்திருக்கும். பழைய நில வரைபடங்களில் தோட்டத்தின் எல்லை இருக்கும்; அதன்மேல் இன்றைய தெருக்களை வரைந்து பார்க்கலாம்.

மாணவர்களே, உங்கள் பாட்டியாரிடம் 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேளாதீர்கள். அதற்கு 'நல்லா இருந்துச்சு' என்னும் விடையே கிடைக்கும். 'விடியற்காலை எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனீர்கள்? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? வீடு உடைபட்ட அன்று எதை முதலில் தூக்கினீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்; 'வாளி', 'மங்கு', 'லயம்', 'தண்டல்' போன்ற சொற்களை இலக்கியத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். அச்சொற்களும் சான்றுகளே. ஆண்டு சொன்னால், வேறொருவரிடமும் ஓர் ஆவணத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்து வந்ததை ஒத்ததாக எழுதுங்கள். ஒவ்வாததை அவ்வாறே குறித்து வையுங்கள். வரலாற்றின் நேர்மை அதுவே.

அரசுக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது. எத்தனை பேர் என்று கேட்டுச் செல்கிறது. எங்கிருந்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். 771,687 என்னும் எண்ணுக்குள் உங்கள் வீட்டாரும் அடங்கியிருக்கக்கூடும். அவ்வெண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே உங்கள் குடும்பம் வாழ்ந்த இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஆண்டோடு எழுதுங்கள். முதல் வரியில் ஒரு தோட்டத்தின் பெயர் வருமாயின், அதை அடுத்த வகுப்பில் உரக்கப் படியுங்கள்.